ஒளி மீது வீண் பழி

வைட்டமின் டி பரிசோதனையில் சந்தேகப்பட வேண்டிய இடங்கள் வேறு

ஜவ்வாது மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது படவேடு. ஒரு காலத்தில் சம்புவராயர்களின் தலைநகர். இன்று ரேணுகாம்பாள் கோயிலுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் பெயர்பெற்ற ஊர். இங்கே வெயிலுக்குப் பஞ்சமில்லை. களை எடுப்பவர், தார் வெட்டுபவர், ஆடு மேய்ப்பவர் என்று பலருடைய பிழைப்பும் வெட்டவெளியில்தான். அப்படிப்பட்ட ஒருவர் இடுப்பு வலி, கால் குடைச்சல் என்று மருத்துவரிடம் போகிறார். வைட்டமின் டி பரிசோதனை எழுதப்படுகிறது. 'குறைவு' என்று ரிப்போர்ட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளெல்லாம் வெயிலில் நிற்கும் உடம்பில் வெயில் தரும் சத்து எப்படிக் குறையும் என்ற கேள்வி யாருக்கும் எழும். அந்தக் கேள்விக்கு ஆய்வக வட்டாரத்தில் நெடுநாளாகப் புழங்கும் சுலபமான பதில் ஒன்று உண்டு. எடுத்த ரத்தத்தில் வெளிச்சம் பட்டிருக்கும், அதனால் அளவு இறங்கியிருக்கும், இன்னொரு முறை எடுத்துப் பார்க்கலாம் என்பதே அந்தப் பதில்.

நம்பும்படியான பதில்தான். வைட்டமின் டி அளக்கும் பெரிய கருவிகள் சிற்றூர் ஆய்வகங்களில் பெரும்பாலும் இருப்பதில்லை. படவேட்டில் எடுத்த ரத்தம் சந்தவாசல், கண்ணமங்கலம் தாண்டி வேலூருக்கோ அதற்கும் அப்பால் சென்னைக்கோ போய்ச் சேர்ந்தால்தான் முடிவு தெரியும். ஊசி எடுத்த மேசை, டூவீலரில் கட்டிய பெட்டி, பெரிய ஆய்வகத்தின் ட்யூப்லைட் என்று வழிநெடுக எங்காவது வெளிச்சம் படாமலா இருக்கும்? படத்தான் செய்யும். ஆனால் பட்ட வெளிச்சம் வைட்டமின் டி அளவைக் குறைக்குமா என்பது தனிக் கேள்வி. நாற்பதாண்டுகளுக்கு மேலாகச் சேர்ந்திருக்கும் சான்றுகளைப் பார்த்தால், வழக்கமான கையாளலில் படும் வெளிச்சம் மருத்துவ முடிவை மாற்றும் அளவுக்கு அதைக் குறைப்பதில்லை. அந்த ரிப்போர்ட்டில் சந்தேகப்பட வேண்டிய இடங்கள் வேறு சில இருக்கின்றன. பழியை வெளிச்சத்தின் தலையில் போட்டுவிட்டால், கேட்க வேண்டிய அந்தக் கேள்விகளைக் கேட்காமலேயே போய்விடுகிறோம். ஏழை நோயாளிக்கு இதனால் வருவது இரண்டாவது ஊசியும் இரண்டாவது செலவும்தான்.

சந்தேகம் எங்கிருந்து வந்தது?

வெளிச்சத்தின் மேல் சந்தேகம் வந்ததில் வியப்பில்லை. வைட்டமின் டியின் வரலாறே ஒளியோடு பின்னியது. 1919இல் பெர்லின் மருத்துவர் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி, ரிக்கெட்ஸ் நோயால் எலும்பு வளைந்த குழந்தைகளைப் பாதரச விளக்கின் புற ஊதா ஒளியில் வைத்துக் குணப்படுத்திக் காட்டினார். 1920களில் அமெரிக்காவின் ஹாரி ஸ்டீன்பாக், உணவின் மீது அந்த ஒளியைப் பாய்ச்சினாலே ரிக்கெட்ஸைத் தடுக்கும் ஆற்றல் உணவுக்கு வந்துவிடுவதைக் கண்டறிந்தார். பின்னால் வந்த ஆய்வுகள் இதன் உள்விவரத்தை விளக்கின. நம் தோலில் உள்ள 7-டீஹைட்ரோகொலஸ்டிரால் என்ற பொருள், வெயிலில் இருக்கும் புற ஊதா-பி கதிர் பட்டதும் மாறி வைட்டமின் டி3 ஆகிறது. உருவாக்கிய வெயிலே அதை அழிக்கவும் செய்யும். ஆன் வெப், மைக்கேல் ஹோலிக் ஆகியோர் அடங்கிய குழு 1989இல் வெளியிட்ட ஆய்வின்படி, தோலில் உண்டான டி3 மேலும் வெயிலில் கிடந்தால் சுப்ராஸ்டெரால் முதலிய பயனற்ற பொருட்களாகச் சிதைகிறது. எவ்வளவு நேரம் வெயிலில் உழைத்தாலும் வெயிலால் மட்டும் யாருக்கும் வைட்டமின் டி அளவுமீறி நஞ்சாகாமல் இருப்பதற்கு இந்தச் சிதைவும் ஒரு காரணம். தோலில் அழிக்கிற ஒளி ட்யூபிலும் அழிக்காதா என்று ஆய்வகக்காரர் ஒருவர் யோசித்திருந்தால் அவரைக் குறைசொல்ல முடியாது.

ட்யூபில் பட்ட வெயில் முடிவைப் புரட்டிப்போட்ட உண்மை வரலாறும் ஒன்று இருக்கிறது. 1950களில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்ட் மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகளைக் கவனித்துவந்த செவிலியர் ஜீன் வார்ட், மஞ்சள் காமாலை கண்ட குழந்தையின் உடலில் வெயில் பட்ட இடத்தில் மட்டும் மஞ்சள் வெளிறியிருப்பதைப் பார்த்தார். அதே மருத்துவமனையில், வெயில் விழும் ஜன்னலோரம் தற்செயலாகக் கிடந்துவிட்ட ரத்த மாதிரி ஒன்றில் பிலிருபின் அளவு எதிர்பார்த்ததைவிட வெகுவாகக் குறைந்து வந்தது. இரண்டையும் இணைத்துப் பார்த்த ரிச்சர்ட் கிரெமரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1958இல் லான்செட் இதழில் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். காமாலைக் குழந்தைகளை இன்று நீல விளக்கின் கீழ்ப் படுக்கவைக்கும் சிகிச்சை அங்கிருந்து வளர்ந்தது. ஆகவே பிலிருபின் பார்க்க எடுத்த ரத்தத்தை வெளிச்சம் படாமல் மூடிவைக்க வேண்டும் என்பது வெறும் சம்பிரதாயம் இல்லை. வைட்டமின் ஏ, பி2, பி6, போர்ஃபைரின் ஆகியவற்றுக்கும் அந்தக் கவனம் தேவை. வைட்டமின் டியும் இந்தப் பட்டியலின் கடைசியில் ஒட்டிக்கொண்டது. மற்றவற்றுக்குச் சான்று இருந்தது. இதற்கு இருந்தது ஊகம்தான்.

ட்யூபுக்குள் நடப்பது என்ன?

ஒரு பொருளை ஒளி சிதைக்க வேண்டுமானால், அந்தப் பொருள் முதலில் அந்த ஒளியை உறிஞ்ச வேண்டும். ஒளி வேதியியலின் பாலபாடம் இது. பிலிருபின் மஞ்சள் நிறமானது. 460 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியை ஆவலோடு உறிஞ்சும். சாதாரண ட்யூப்லைட்டிலும் பகல் வெளிச்சத்திலும் நீலம் நிறைய இருப்பதால் அது மளமளவென்று சிதைகிறது. வைட்டமின் டிக்கு நிறமே கிடையாது. அது அதிகமாக உறிஞ்சுவது 265 நானோமீட்டர் அலைநீளத்தில்; 320ஐத் தாண்டினால் உறிஞ்சுவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி தொடங்குவதோ 400 வாக்கில். ஆகவே ஆய்வக விளக்கு எவ்வளவு பளிச்சென்று எரிந்தாலும் வைட்டமின் டியைப் பொறுத்தவரை அது இருட்டு மாதிரிதான். வெயிலில் இருக்கும் புற ஊதா-பி கதிர் மட்டுமே அதைத் தொட முடியும். அந்தக் கதிரையும் சாதாரண ஜன்னல் கண்ணாடி பெருமளவு தடுத்துவிடுகிறது. ரத்தம் எடுக்கும் இன்றைய ட்யூப்கள் பெரும்பாலும் பெட் வகைப் பிளாஸ்டிக்கால் ஆனவை. குளிர்பான பாட்டில் செய்கிற அதே பிளாஸ்டிக். அதுவும் இந்த அலைநீளங்களில் பெரும்பகுதியை உள்ளே விடுவதில்லை. மீறி நுழையும் கொஞ்சநஞ்சத்தையும் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினும் சீரத்தில் உள்ள புரதங்களும் மேலோட்டமாகவே உறிஞ்சிக்கொள்கின்றன.

இதற்கும் மேலே இன்னொரு பாதுகாப்பு உண்டு. ஆய்வகம் அளப்பது தோலில் உண்டான வைட்டமின் டி3ஐ அல்ல. அது கல்லீரலுக்குப் போய் மாறிய 25-ஹைட்ராக்சி வைட்டமின் டியை. ரத்தத்தில் இரண்டு மூன்று வார அரை ஆயுளோடு நிலைத்திருப்பதால், உடலின் கையிருப்பைச் சொல்ல அதுவே ஏற்ற அளவுகோல். இந்த மூலக்கூறு ரத்தத்தில் தனியாக மிதப்பது மிக அரிது. 85 முதல் 90 விழுக்காடு வரை, இதற்கென்றே இருக்கும் வைட்டமின் டி பிணைப்புப் புரதத்தோடு இறுகப் பிணைந்திருக்கிறது. மீதியில் பெரும்பகுதி ஆல்புமினோடு சேர்ந்திருக்கிறது. எதனோடும் சேராமல் திரிவது ஒரு விழுக்காட்டிலும் சிறு பின்னம். வாழைத்தாருக்கு உறை மாட்டியதுபோல் புரதம் அதைப் போர்த்தியிருக்கிறது என்று சொல்லலாம். வெளியே இருப்பது எளிதில் காயை அண்டாது.

இவையெல்லாம் கோட்பாட்டு விளக்கங்கள். சோதித்துப் பார்த்தவர்கள் கண்டதும் இதே திசையில்தான் இருக்கிறது. 1981இல் சிட்னியைச் சேர்ந்த லிஸ்னர், மேசன், போசன் ஆகியோர் ரத்தத்தை அறை வெப்பத்தில் மூன்று நாள்வரை வைத்திருந்தும் வைட்டமின் டி வகைகளின் அளவு மாறவில்லை என்று கிளினிக்கல் கெமிஸ்ட்ரி இதழில் தெரிவித்தார்கள். அதே இதழில் 2005இல் அன்டோனியூச்சி குழு, சீரத்தைத் திரும்பத் திரும்ப உறையவைத்து உருக்கினாலும் அளவு நிலையாக இருப்பதைக் காட்டியது. 2008இல் நியூசிலாந்தின் லூயிஸ், எல்டர் இருவரும் வழக்கத்தை மீறிய கடுமையான சூழல்களில் சீரத்தை வைத்துப் பார்த்து, டி2, டி3 இரண்டின் ஹைட்ராக்சி வடிவங்களும் நிலைத்திருப்பதாக எழுதினார்கள். 2009இல் நெதர்லாந்தின் வீல்டர்ஸ், வைன்பெர்க் இருவரும் அறை வெப்பத்தில் இதன் நிலைத்தன்மையை ஆராய்ந்து எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே அதைப் பாறைக்கு ஒப்பிட்டார்கள். இவற்றைவிடப் பெரிய சான்று நடைமுறையில் இருக்கிறது. வைட்டமின் டி ஆய்வகங்களின் தரத்தைச் சரிபார்க்க 1989இல் லண்டனில் தொடங்கிய டெக்வாஸ் அமைப்பு, பல நாடுகளில் உள்ள ஆய்வகங்களுக்குச் சீர மாதிரிகளை உறையவைக்காமலே அனுப்பிவருகிறது. அனுப்பும் வழியில் கெட்டுப்போகிற பொருளாக இருந்தால் இத்தனை ஆண்டு அந்தத் திட்டமே ஓடியிருக்காது.

எதிர்க்கேள்விகள்

முதல் எதிர்க்கேள்வி, ஆய்வகக் கையேடுகளிலேயே ஒளி படாமல் வை என்று எழுதியிருக்கிறதே என்பது. சில கையேடுகளில் அப்படித்தான் இருக்கிறது. அதற்குக் காரணம் புரிகிறது. அளவை ஒப்பிடப் பயன்படுத்தும் தூய வைட்டமின் டி கரைசல்கள் மெத்தனால் போன்ற திரவத்தில் இருக்கும்; அங்கே புரதப் போர்வை இல்லை. அவற்றை இருட்டில் வைப்பது சரியான நடைமுறை. ஒரே ட்யூபிலிருந்து வைட்டமின் ஏயும் சேர்த்துப் பார்ப்பதானால் அப்போதும் மூடிவைக்கத்தான் வேண்டும். கரைசலுக்கும் கூட்டுப் பரிசோதனைக்கும் எழுதிய விதி ரத்த ட்யூப் வரைக்கும் நீண்டுவிட்டது. மூடிவைப்பதால் கெடுதல் எதுவும் இல்லை, விரும்பினால் மூடிவைக்கட்டும். ஆனால் மூடாத ட்யூப் என்று ஒரு மாதிரியைத் தள்ளுவதற்கோ, வந்த முடிவை நம்பாமல் மறுபடி ஊசி குத்துவதற்கோ அந்த விதி ஆதாரம் ஆகாது. முன்னெச்சரிக்கை என்பது வேறு, சான்று என்பது வேறு.

இரண்டாவது கேள்வி இன்னும் கூர்மையானது. ஐரோப்பாவின் மங்கலான அறையில் செய்த ஆய்வை ஜவ்வாது மலையடிவாரத்தின் நடுப்பகல் வெயிலுக்குப் பொருத்தலாமா? திருப்பதியில் கண்ணாடிக் குப்பிகளில் வேதிப்பொருளை அடைத்து வெயிலில் வைத்தபோது உள்ளே மாற்றம் நிகழ்ந்ததே? நிகழ்ந்தது உண்மை. மருத்துவர் ஹரிநாராயணும் ஹோலிக்கும் சேர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வு அது. ஆனால் அங்கே குப்பியில் இருந்தது கரைசலில் கரைத்த 7-டீஹைட்ரோகொலஸ்டிரால். குப்பியும் புற ஊதாவை ஊடுருவ விடும் போரோசிலிகேட் கண்ணாடி. வெயிலைப் பிடித்துக் காட்டுவதற்கென்றே அமைத்த ஏற்பாடு அது. ரத்த ட்யூபில் அந்தக் கண்ணாடியும் இல்லை, போர்வையில்லாத பொருளும் இல்லை. அதற்காக ட்யூபை வெயிலில் போட்டுவைக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. நம்மூர் வெயிலில் கிடக்கும் ட்யூபில் ஒளிக்கு முன் வேலையைக் காட்டுவது வெப்பம். சிவப்பணுக்கள் உடையும், பொட்டாசியம் பொய்யாக ஏறும், சர்க்கரை இறங்கும். பிரித்தெடுக்காத ரத்தத்தில் அறை வெப்பத்திலேயே சர்க்கரை மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு குறைகிறது என்றால் வெயிலில் சொல்ல வேண்டியதில்லை. வெயிலில் கிடந்த மாதிரியைத் தள்ளுவது சரியே. தள்ளுவதற்கான காரணம் வைட்டமின் டியின் சிதைவு அல்ல.

மூன்றாவது கேள்வி, மிகச் சிறிய இழப்பு நேர்ந்தாலும் எல்லைக்கோட்டில் இருப்பவரின் தலையெழுத்து மாறிவிடாதா என்பது. மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் என்பது எல்லை; 21 இருந்தவருக்கு 19 வந்தால் மாத்திரை எழுதப்படும். இந்தக் கவலை நியாயமானது. ஆனால் இதைப் பின்தொடர்ந்து போனால் நாம் சென்று நிற்கும் இடம் வெளிச்சமாக இருக்காது. இரண்டு மூன்று நானோகிராம் ஏறி இறங்குவது அளக்கும் முறையிலேயே பொதிந்திருக்கிறது.

எண் ஆடும் இடம்

வைட்டமின் டியை அளக்கும் முறைகள் இரண்டு வகை. ஒன்று எதிர்ப்புரதத்தைக் கொண்டு பிடிக்கும் இம்யூனோ அஸ்ஸே. தானியங்கிக் கருவிகளில் விரைவாக நடப்பதால் பெரும்பாலான ஆய்வகங்களில் இருப்பது இதுதான். இன்னொன்று மூலக்கூறின் எடையை வைத்து அடையாளம் காணும் எல்சி-எம்எஸ். செலவும் தேர்ச்சியும் அதிகம் கேட்கும், ஆனால் துல்லியமானது. இம்யூனோ அஸ்ஸேக்கு இருக்கும் சிக்கல் சுவாரசியமானது. ஒளியிடமிருந்து மூலக்கூறைக் காத்த அதே பிணைப்புப் புரதம், அளக்கும்போது குறுக்கே நிற்கிறது. புரதத்திலிருந்து முழுமையாக விடுவித்தால்தான் சரியாக அளக்க முடியும். அந்த விடுவிப்பு ஒவ்வொரு நிறுவனத்தின் கருவியிலும் ஒவ்வொரு விதம். கர்ப்பிணிகளுக்கு இந்தப் புரதம் கூடுவதால் சில கருவிகளில் அளவு பிசகுகிறது. பச்சிளங்குழந்தைகளின் ரத்தத்தில் எபிமர் என்ற, ஒரே ஒரு இடத்தில் மட்டும் அமைப்பு திரும்பிய மூலக்கூறு கணிசமாக இருக்கும். அதைப் பிரித்தறியாத எல்சி-எம்எஸ் முறை அளவைக் கூட்டிக் காட்டிவிடும். முடி வளர உதவும் என்று பலர் விழுங்கும் பயோட்டின் மாத்திரையும், அந்தச் சத்தையே பிணைப்பாகப் பயன்படுத்தும் சில கருவிகளில் வைட்டமின் டியைப் பொய்யாக உயர்த்தும். பயோட்டின் பல பரிசோதனைகளைக் குழப்புகிறது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017இல் வெளிப்படையாக எச்சரித்தது.

ஒரே மனிதரின் ரத்தத்துக்கு இரண்டு ஆய்வகங்கள் இரண்டு எண் சொல்வதற்கு இவை போதும். இந்தக் குழப்பத்தைச் சீராக்கத்தான் அமெரிக்க தேசியத் தரநிலை நிறுவனம் 2009இல் வைட்டமின் டிக்கென்று ஒப்பீட்டுச் சீரம் வெளியிட்டது; 2010இல் உலக அளவில் வைட்டமின் டி தரப்படுத்தும் திட்டம் தொடங்கியது. அந்தத் திட்டம் சாதாரண ஆய்வகங்களுக்கு வகுத்த இலக்கைப் பாருங்கள்: திரும்பத் திரும்ப அளந்தால் வரும் சிதறல் 10 விழுக்காட்டுக்குள், உண்மை அளவிலிருந்து சாய்வு 5 விழுக்காட்டுக்குள். அதாவது நன்றாக நடக்கும் ஆய்வகத்தில்கூட 20 என்ற எண் 18 ஆகவும் 22 ஆகவும் வரலாம். அதைத் தவறு என்று சொல்ல முடியாது. அந்த அளவுகோலின் இயல்பு அவ்வளவுதான். படவேட்டுக்காரர் வரிசையில் நிற்கும் வேலூரிலேயே, 1900இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் கிளினிக்கல் பயோகெமிஸ்ட்ரி துறை, நாடு முழுவதும் உள்ள ஆய்வகங்களுக்குச் சோதனை மாதிரி அனுப்பி அவற்றின் முடிவுகளை ஒப்பிட்டுத் தரம் சொல்லும் திட்டத்தை நடத்திவருகிறது. ஓர் ஆய்வகத்தின் எண்ணை நம்பலாமா என்பதற்கு, அது இப்படிப்பட்ட வெளித் தரச் சோதனையில் பங்கெடுக்கிறதா என்ற கேள்வியே சரியான தொடக்கம்.

எண் சரியாகவே இருந்தாலும் அதை எந்தக் கோட்டோடு ஒப்பிடுகிறோம் என்பது அடுத்த குழப்பம். பெரும்பாலான மக்களின் எலும்பு நலத்துக்கு 20 நானோகிராம் போதும் என்று அமெரிக்க மருத்துவக் கழகம் 2010இல் சொன்னது. அடுத்த ஆண்டே எண்டோகிரைன் சங்கம் 30 வேண்டும் என்றது. ரிப்போர்ட்டில் 24 வந்தவர் ஒரு கணக்கில் நலமானவர், மறு கணக்கில் 'போதாமை' உள்ளவர். 2024இல் அதே எண்டோகிரைன் சங்கம் தன் பழைய 30 கோட்டைக் கைவிட்டது. நலமாக இருக்கும் பெரியவர்களுக்கு வழக்கமாக இந்தப் பரிசோதனை செய்யத் தேவையில்லை என்றும் சொல்லிவிட்டது. அலகும் சேர்ந்து குழப்பும். நம்மூரில் நானோகிராம், பிரிட்டனில் நானோமோல். நானோகிராமை நானோமோலாக மாற்ற இரண்டரையால் பெருக்க வேண்டும். லண்டனில் இருக்கும் மகனுக்கு 50, ஊரில் இருக்கும் தாய்க்கு 20 என்றால் இருவருக்கும் அளவு ஒன்றேதான்.

வெயில் இருந்தும் குறைவது ஏன்?

இத்தனைக்கும் பிறகு முதல் கேள்வி அப்படியே நிற்கிறது. ட்யூபில் பட்ட வெளிச்சம் காரணமில்லை என்றால், வெயிலில் உழைப்பவருக்கு அளவு ஏன் குறைய வேண்டும்? தென்னிந்தியாவிலேயே இதற்கு ஆய்வு இருக்கிறது. திருப்பதி வட்டாரத்தில் ஹரிநாராயண் குழு 2007, 2008 ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளில், கிராமத்தாரின் அளவு நகரத்தாரைவிட உயர்ந்திருந்தும் போதிய அளவை எட்டாதவர்கள் கிராமங்களிலும் ஏராளமாக இருந்தார்கள். வேலூர் பகுதியில் மாதவிடாய் நின்ற பெண்களிடம் செய்து 2008இல் வெளியான ஆய்விலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் குறைவு. பல இடங்களில், பல குழுக்கள், பல முறைகளில் அளந்தும் ஒரே போக்கு தெரிகிறது என்றால் அது ட்யூபில் நேர்ந்த விபத்தாக இருக்க முடியாது.

காரணங்கள் உடலிலும் உடையிலும் தட்டிலும் இருக்கின்றன. முன்னே சொன்ன திருப்பதிக் குப்பி ஆய்வின்படி, வைட்டமின் டி நன்றாக உண்டாவது காலை 11 முதல் மதியம் 2 வரை. படவேடு திருப்பதிக்கு ஏறத்தாழ ஒரு பாகை தெற்கே இருப்பதால் இங்கும் கணக்கு அதிகம் மாறாது. வயல் வேலை விடியலில் தொடங்கி உச்சி வெயிலுக்கு முன் முடிவதுதான் வழக்கம். உச்சியில் ஆளெல்லாம் நிழலில். வேலை செய்யும்போதும் பெண்கள் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை மாட்டி, தலையில் துண்டு கட்டியிருப்பார்கள். வெயில் படுவது முகத்திலும் கையிலும் மட்டும். கறுத்த தோலின் மெலனின் புற ஊதாவைத் தடுப்பதால், வெளுத்த தோலுக்குப் போதுமான நேரம் நமக்குப் போதாது. அதற்குமேல் சாப்பாடு. சோறும் தானியமும் மிகுந்து பால் குறைந்த உணவில் கால்சியம் கொஞ்சம், அதைக் கட்டிப்போடும் ஃபைட்டேட் அதிகம். கால்சியம் குறைந்தால் கல்லீரல் வைட்டமின் டியை வேகமாகச் செலவழித்துவிடுகிறது என்று 1987இல் கிளெமென்ட்ஸ் குழு நேச்சர் இதழில் விலங்கு ஆய்வின் மூலம் காட்டியது. வெயில் கொடுத்ததைக் கால்சியப் பற்றாக்குறை கரைத்துவிடும் என்று அர்த்தம். 'சாம்பிள் கெட்டிருக்கும்' என்ற ஒற்றை வரி மூடி மறைப்பது இந்த உண்மைகளைத்தான்.

செய்ய வேண்டியவை

ரத்தம் எடுக்கும் சிற்றூர் மையங்களுக்கு ஆளும் வசதியும் குறைவு. அவற்றின் கவனத்தைச் சரியான இடத்தில் செலவிட வேண்டும். குழந்தையின் பிலிருபின் மாதிரியை எடுத்தவுடன் அலுமினியத் தாளில் சுற்றுங்கள். அதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. சர்க்கரைக்கு ஃப்ளோரைடு போட்ட சாம்பல்மூடி ட்யூபைப் பயன்படுத்துங்கள். எந்த மாதிரியையும் வெயிலில் நிற்கும் வண்டியில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். தொலைதூரம் போகிற ரத்தத்தைச் சீரமாகப் பிரித்துக் குளிர்பெட்டியில் அனுப்புங்கள். பெயரும் நேரமும் எழுதிய லேபிளைச் சரிபாருங்கள். எந்த மாதிரிக்கும் வெளிச்சத்தைவிடப் பெரிய எதிரி தவறிய லேபிள். வைட்டமின் டி ட்யூபை மூட மறந்திருந்தால் அதற்காக நோயாளியைத் திரும்ப அழைக்க வேண்டாம்.

பரிசோதனை எழுதித் தரப்பட்டவர் கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு. முதலில், எனக்கு இது எதற்காக? எலும்பு மெலிவு, சிறுநீரக நோய், வலிப்பு மருந்து, குடல் உறிஞ்சல் கோளாறு போன்ற காரணம் இருந்தால் பரிசோதனைக்குப் பொருள் உண்டு. சும்மா ஒரு பேக்கேஜில் சேர்ந்திருக்கிறது என்றால் இல்லை. அடுத்து, எந்த முறையில் அளக்கிறார்கள், ஆய்வகம் என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்றதா? மறுபடி பார்ப்பதானால் அதே ஆய்வகத்தில் அதே முறையில் பாருங்கள். இல்லையெனில் மாறியது உடம்பா கருவியா என்று தெரியாது. பயோட்டின் சாப்பிடுகிறீர்கள் என்றால் ரத்தம் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். 60,000 யூனிட் மாத்திரையையோ பொட்டலத்தையோ எழுதித் தந்தால், வாரம் ஒன்றா தினம் ஒன்றா என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அளவு தெரியாமல் எடுத்து ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் சிறுநீரகச் சிக்கலுமாக மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பற்றி காஷ்மீரிலிருந்து 2011இல் மருத்துவ அறிக்கையே வெளிவந்திருக்கிறது. வைட்டமின் டியின் குறைவைப்போல் மிகுதியும் நோய்தான்.

வைட்டமின் டி பரிசோதனைக்கு ஆகும் பணம் வாழைத் தோட்டக் கூலியாள் ஒருவருக்குப் பல நாள் சம்பாத்தியம். அதை ஒருமுறை செலவழிக்கவே காரணம் வலுவாக இருக்க வேண்டும். இரண்டாம் முறை செலவழிக்க இன்னும் வலுவாக இருக்க வேண்டும். ட்யூபில் வெளிச்சம் பட்டது என்பது அந்தக் காரணம் ஆகாது. அடுத்த முறை யாராவது அப்படிச் சொன்னால், எந்த முறையில் அளந்தீர்கள், எந்த எல்லைக்கோட்டை வைத்துக் குறைவு என்கிறீர்கள் என்ற இரண்டு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். பதில் கிடைத்த பிறகு ரத்தம் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.